பதினோரு மணி நேர வெளிச்சம்

ஜூலை 7, திங்கள்

டாக்டர் இன்று ஒரு நோட்டும் ஒரு டைரியும் கொடுத்தார். நோட்டு மீன்தொட்டிக்கு. தினமும் லைட் எத்தனை மணி நேரம் எரிந்தது, எத்தனை தடவை தீனி போட்டோம், எவ்வளவு தண்ணீர் மாற்றினோம் என்று எழுதி வைக்க வேண்டும். டைரி மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. பாதி வருடம் போய்விட்டதால் அவருக்கு வேண்டாம், எனக்குத் தந்துவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பற்பசை விளம்பரம் இருக்கிறது.

தொட்டி இரண்டடி நீளம். கிளினிக் வரவேற்பறையின் வடகிழக்கு மூலையில், என் மேசையை ஒட்டி நிற்கிறது. வடகிழக்கு என்பது வாஸ்துக்காரர் சொன்னது. அந்த மூலையில் ஜன்னல் கிடையாது. டாக்டர் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடும் காஸ் சிலிண்டர் வேண்டாம், விலை கூடிய லைட் வேண்டாம், மண்ணும் செடியும் மீனும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் என்று. புல் மாதிரி நீண்ட வாலிஸ்நேரியா, தடித்த இலையுள்ள அனுபியாஸ், எட்டு கப்பி மீன்கள். மூடி பழையது, உள்ளே டியூப்லைட்.

மே மாதத்திலிருந்து தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டதில் கண்ணாடி முழுக்கப் பாசி.

லைட் காலை பத்து முதல் ஒன்று வரை, மாலை ஐந்து முதல் ஒன்பது வரை. கிளினிக் திறந்திருக்கும் நேரம் மட்டும். நோட்டில் முதல் வரி எழுதினேன். லைட்: 7 மணி நேரம்.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு மணிக்குக் கடைசி நோயாளி போனதும் வனஜா மேடம் ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்வார். மேடம் டாக்டரின் மனைவி. டாக்டர் பல்லைப் பார்ப்பார், மற்ற எல்லாவற்றையும் மேடம் பார்ப்பார். கிளம்பும்போது தன் கையாலேயே மெயின் சுவிட்சை இறக்குவார். விளக்கு, ஃபேன், எல்லாம் போய்விடும். மீன்தொட்டிக்கு மட்டும் தனி லைன், ஃபில்டர் நிற்கக்கூடாது என்பதற்காக. மீனுக்குக் காற்று வேண்டும். எனக்கு வேண்டாம். என் ஊர் வத்தலக்குண்டைத் தாண்டி. மதியம் போய்த் திரும்ப முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கிளை நூலகம் பதினொன்றுக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். வேலையில்லாதவர்கள் மத்தியானம் தூங்குவார்கள் என்று அரசாங்கம் நினைக்கிறது போல.

லூர்து மேரி அக்கா இங்கே கூட்டித் துடைப்பவர். கழிவறை கழுவுவதும் அவர்தான், தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதும் அவர்தான். பின்பக்கம் மோட்டார் அறைக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு சிமென்ட் படி இருக்கிறது. அதில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வீட்டு வேலைகளுக்குப் போவார், நாலரைக்குத் திரும்புவார். படிக்கு மேலே சுவர் மாடத்தில் அவருடைய எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருக்கும். எனக்குக் காபி பீங்கான் கப்பில் வரும், டாக்டருக்கும் மேடத்துக்கும் வருவது போலவே. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேடம் என் ஊரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார், பிறகு சிரித்தார். கப் அப்போதே முடிவாகிவிட்டது. இந்த அசிங்கம் படித்தவர்கள் இடத்தில்தான் இவ்வளவு சுத்தமாக நடக்கும்.

லூர்தக்கா சாப்பிடக் கூப்பிட்டார். "பின்னாடி வந்து உக்காரு எழிலு. காத்து வருது, வெளிச்சமா இருக்கு."

வேண்டாம் என்றேன். பினாயில் வாடை. கொசு வேறு.

மதியம் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல், 34 முதல் 71ஆம் பக்கம் வரை. குரூப் தேர்வுக்கு இன்னும் எழுபத்தைந்து நாள்.

லைட்: 7.

ஜூலை 12, சனி

கம்பெனிக்காரர்கள் தந்துவிட்டுப் போன மாதிரி டூத்பிரஷ் ஒரு டப்பா இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்துக் கண்ணாடியைத் தேய்த்தேன். பாசி தூளாகப் பறந்து தண்ணீரில் கலந்தது. ஒரு பெண் குழந்தை பல் பிடுங்க வந்த பயத்தை மறந்து, மீனுக்கும் பல் விளக்குவீர்களா என்று கேட்டது. தினம் இரண்டு வேளை என்றேன். மேடம் முறைத்தார்.

குடிமையியல் முடிந்தது. லைட்: 7.

ஜூலை 15, செவ்வாய்

தேய்த்த இடத்தில் மறுபடி பாசி. மூன்றே நாள்.

ஜூலை 17, வியாழன்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மீன் கடை வைத்திருக்கும் ஷாஜகான் பாயிடம் டாக்டர் அனுப்பினார். பாய் ஒரு கையால் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே விசாரித்தார். வெயில் படுகிறதா? இல்லை. தீனி மிஞ்சிக் கிடக்கிறதா? இல்லை. லைட் எத்தனை மணி நேரம்?

ஏழு என்றேன்.

"ஏழுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சிலிண்டர் இல்லாத தொட்டில செடிக்குப் பசி கம்மி. அது திங்கிற வெளிச்சம் போக மிச்சத்தப் பாசிதான் திங்கும்."

ஏழு என்று மறுபடியும் சொன்னேன். நோட்டில் அப்படித்தானே இருக்கிறது.

அப்படியானால் தீனியைக் குறைத்து, வாரத்துக்குக் கால் பங்கு தண்ணீர் மாற்றச் சொன்னார். இரண்டு நத்தைகளை ஒரு பையில் போட்டுச் சும்மா தந்தார். பாசியைத் தின்னுமாம். திரும்பி வரும் வழியில் பையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டும் ஓட்டுக்குள் சுருண்டிருந்தன.

கணிதம், விகிதம் பாடம். லைட்: 7.

ஜூலை 22, செவ்வாய்

எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு பல் கிளினிக் திறந்து பத்து நாளாகிறது. அங்கே கண்ணாடிக் கதவு, ஏசி, சிரித்த முகத்தோடு ஒரு பெரிய பல் பொம்மை. இங்கே இன்று காலை இரண்டே பேர். மேடம் வாஸ்துக்காரரை வரவழைத்துவிட்டார்.

அவர் கையில் கனமான தங்கக் காப்பு. தொட்டியை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஈசானியத்தில் தண்ணீர் பச்சையானால் வரவு தடைபடும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தீட்டுள்ள கை யாராவது தொடுகிறார்களா என்று மேடத்திடம் கேட்டார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். குரலைத் தாழ்த்தியது எனக்காக இல்லை. பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தவருக்காக.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாசி எதனால் வருகிறது என்று அவருக்குத் தெரியும். நாலு வருடம் மனிதப் பல்லில் படியும் கிருமியைப் பற்றிப் படித்தவர். வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் வாயைத் திறப்பதுதான் அவர் தொழில்.

ஜூலை 23, புதன்

லூர்தக்கா இனிமேல் தொட்டிப் பக்கம் போகக்கூடாது. தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மேடம் இதை அவரிடம் நேரில் சொல்லவில்லை, என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். காரணத்தைக் கேட்டார். அதையும் சொன்னேன்.

லூர்தக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "எனக்கு அதெல்லாம் நின்னு மூணு வருசம் ஆச்சுன்னு அந்தக் காப்புக்காரன்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, வேலைக்கு ஒன்றும் வராதே என்று கேட்டார். மற்ற வீடுகளில் இன்று வா என்பார்கள், நாளை வேண்டாம் என்பார்கள். மாதா மாதம் நிற்கிற வேலை இது ஒன்றுதான். மகள் ஜெனிஃபர் நர்சிங் இரண்டாம் வருடம், விடுதியில் இருக்கிறாள். ஒன்றும் வராது என்றேன்.

சாப்பிடும்போது மறுபடி பின்னால் கூப்பிட்டார். படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நவீன இந்திய வரலாறு, 58 பக்கம். லைட்: 7.

ஜூலை 29, செவ்வாய்

அனுபியாஸ் இலை ஓரத்தில் கறுப்பு முடி போல ஒரு பாசி. டூத்பிரஷுக்கு வரவில்லை. நம்மிடம் வாய் கொப்பளிக்க வைத்திருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இதற்குக் கேட்கும் என்று டாக்டர் சொன்னார். ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஊசி போடும் சிரிஞ்சில் பத்து மில்லி எடுத்து, இலைமேல் மெதுவாக விட்டேன். நுரைத்தது. மீன்கள் மறுமூலைக்குப் போய் நின்றன.

ஒரு வாரமாகத் தொட்டியைத் தொடுவது நான் மட்டும்தான். பாசி குறையவில்லை. இதிலிருந்து மேடம் எடுத்த முடிவு: லூர்தக்கா யாருக்கும் தெரியாமல் தொடுகிறார்.

எதற்காகத் தொட வேண்டும் என்று கேட்டேன். "அதுங்களுக்குப் பொறாமைம்மா, உனக்குத் தெரியாது" என்றார். அதுங்க.

ஜூலை 30, புதன்

முடிப் பாசி சிவந்துவிட்டது. செத்தால் இந்த நிறம் வருமாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தண்ணீரே பச்சையாகிவிட்டது. மீன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது. ஷாஜகான் பாயிடம் போனில் கேட்டேன். மூன்று நாள் லைட்டை அணைத்து, கறுப்புத் துணி போட்டு முழுக்க மூடச் சொன்னார். ஈசானியத்தில் கறுப்பா என்று மேடம் பதறினார். கடைசியில் அறுவை சிகிச்சைக்கு விரிக்கும் பச்சைத் துணி நாலு மடிப்பு போட்டு மூடினோம். காத்திருந்த பெரியவர் ஒருவர், உள்ளே யாருக்கு ஆப்பரேஷன் என்று கேட்டார்.

லைட்: 0.

ஆகஸ்ட் 5

லைட்: 0. மதியம் தூங்கினேன்.

ஆகஸ்ட் 6

லைட்: 0. மொபைல் டார்ச்சில் நாலு பக்கம். சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

துணியை எடுத்தோம். தண்ணீர் தெளிந்திருந்தது. எட்டு மீனும் இருந்தன. நத்தை ஒன்று செத்திருந்தது. பாயிடம் சொன்னதும், மூடினால் போய், திறந்தால் வந்தால், அது வெளிச்சம்தானே தவிர வேறில்லை என்றார். திறந்து பார்க்கலாம், வராமலும் போகலாம் என்றேன்.

மூன்று நாள் படிப்பு போய்விட்டது. ஈடுகட்ட வேண்டும். புவியியல் 90 பக்கம். லைட்: 7.

ஆகஸ்ட் 14, வியாழன்

மறுபடி பச்சை.

நான் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். என்னுடன் படித்தவர்களில் பாதிப் பேர் சென்னையில் பயிற்சி மையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் படிக்கிறார்கள். அங்கே இரவு முழுக்க விளக்கு எரியும். அதனால் யார் வீட்டிலும் எதுவும் பச்சையாவதில்லை. எனக்குக் கிடைப்பது பகலில் மூன்றரை மணி நேரம். வீட்டுக்குப் போகப் பத்தரை ஆகும். போனதும் அப்பாவுக்குச் சோறு வடிக்க வேண்டும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் ஒற்றை இலக்க மதிப்பெண் வித்தியாசத்தில் போனது. இதைத் தவிர நான் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

லைட்: 7.

ஆகஸ்ட் 16, சனி

மேடம் கேமரா மாட்டிவிட்டார். தொட்டிக்கு நேர் எதிரே, காலண்டருக்கு மேலே. மொபைலில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கையும் களவுமாகப் பிடிப்பேன் என்றார். மாட்டியவன் சரிபார்க்க என்னை மேசையில் உட்காரச் சொன்னான். மேடத்தின் மொபைலில் நானும் தொட்டியும் பளிச்சென்று தெரிந்தோம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றிலிருந்து மதியம் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் காத்திருப்பு அறைக்குப் போகிறேன். கேமராவுக்காக இல்லை. அங்கே ஃபேன் ஓடுகிறது.

சத்தத்தில் பன்னிரண்டு பக்கம்தான் படிக்க முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் தன் நாத்தனாரைப் பற்றி முழுவதும் சொன்னாள்.

லைட்: 7.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பஸ் ஸ்டாண்ட். 15 பக்கம். கண்ணாடியைத் தேய்த்தேன். லைட்: 7.

ஆகஸ்ட் 28, வியாழன்

பாசி இல்லை. கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். வாலிஸ்நேரியாவில் புதுக் கன்று இரண்டு வந்திருக்கிறது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, பார்த்தாயா, தானாகவே சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். மேடம் தொட்டியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், பின்பக்கக் கதவைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 30, சனி

லூர்தக்காவை நிறுத்திவிட்டார்கள்.

பதினொரு மணி இருக்கும். நாலு நோயாளிகள் காத்திருந்தார்கள். மேடம் அவரை வரவேற்பறைக்கே கூப்பிட்டார். கேமரா மாட்டிய நாளிலிருந்து தண்ணீர் தெளிந்துவிட்டது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார்.

"நான் அதத் தொட்டே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சும்மா."

"தொடாமத்தான் அத்தன நாள் பச்சையா கெடந்துச்சா? கேமரா வச்சதும் கை அடங்கிருச்சு பாத்தியா."

லூர்தக்கா டாக்டர் அறையைப் பார்த்தார். உள்ளே டிரில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டில் அடுத்த நோயாளியின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். பெரியசாமி, வயது 52, கடைவாய்ப் பல். கையெழுத்து நன்றாக வந்தது.

அவர் சண்டை போடவில்லை. பின்னால் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, மாற்றுப் புடவை இருந்த பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே போனார். டம்ளரை எடுக்கவில்லை.

காத்திருந்தவர்களில் ஒரு அம்மா, என்ன திருட்டா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். இல்லை, பாசி என்றேன். அவருக்குப் புரியவில்லை.

லைட்: 7.

செப்டம்பர் 1, திங்கள்

கேமராவைக் கழற்றி மேடம் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே அதற்கு வேலை முடிந்தது.

தேர்வுக்கு இன்னும் இருபது நாள். பஸ் ஸ்டாண்டில் படித்தால் தேறாது.

பொதுத்தமிழ், 64 பக்கம்.

செப்டம்பர் 3, புதன்

புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் முனீஸ்வரி. என் வயதுதான் இருக்கும். தொட்டியைத் தொடக்கூடாது, காபிக்கு மாடத்தில் டம்ளர் இருக்கிறது, இந்த இரண்டையும் அவளிடம் சொல்லும் பொறுப்பு என்னுடையது. டம்ளர் யாருடையது என்று கேட்டாள். முன்னால் இருந்தவருடையது என்றேன். புளி போட்டுத் தேய்த்துவிட்டு அதிலேயே குடித்தாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

பச்சை. பன்னிரண்டே நாளில் பளபளவென்று.

லூர்தக்கா இல்லை. கேமராவும் இல்லை. முனீஸ்வரி தொட்டியிலிருந்து பத்தடி தள்ளியே நடக்கிறாள். சரி, இப்போதாவது மேடத்துக்கு உறைக்கும் என்று நினைத்தேன். மேடம் தொட்டியை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, போகிற போக்கில் லூர்து எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றார். எலுமிச்சம்பழம், தகடு மாதிரி. முனீஸ்வரியை விட்டு மண்ணைக் கிளறிப் பார்க்கலாமா என்று யோசித்தார். பிறகு, வேண்டாம், தொட்டியைத் தொடுவானேன் என்று விட்டுவிட்டார்.

இவர்களுக்கு எது நடந்தாலும் அது ஏற்கெனவே நினைத்ததற்குத்தான் சாட்சி. பச்சையானாலும் சாட்சி, தெளிந்தாலும் சாட்சி. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிற வெளிச்சம் எது என்று யாராவது

பொது அறிவு, 40 பக்கம்.

செப்டம்பர் 20, சனி

நாளை தேர்வு. நுழைவுச் சீட்டு, இரண்டு கறுப்புப் பேனா. லைட்: 7.

செப்டம்பர் 21, ஞாயிறு

எழுதினேன். இந்தத் தடவை நன்றாகவே.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் ஒன்பதுக்கே வந்துவிட்டேன். தொட்டி நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரியிலும் 7 என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 11 என்று எழுதினேன். காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை, இடையில் கிட்டத்தட்ட அணைக்கவேயில்லை. ஒரு மணிக்கு மேடம் பார்க்கும்படி அணைப்பேன். கார் சத்தம் போனதும் போடுவேன், நாலரைக்கு அக்கா வரும் சத்தம் கேட்டால் கொஞ்ச நேரம் அணைத்து வைப்பேன். மூடியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தால் வெளிச்சம் மேசையில் விழும்.

பச்சைத் துணி போட்ட நாட்களையும், கேமரா இருந்த இரண்டு வாரத்தையும், ஞாயிற்றுக்கிழமைகளையும் அப்படியே விட்டேன். அடித்து எழுதியது நாற்பத்தொன்பது வரி. பார்த்தால் யாருக்கும் புரியும். பதினொன்று வருகிற இடமெல்லாம் பாசி, ஏழு வருகிற இடமெல்லாம் தெளிவு.

டாக்டரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே புரட்டினார்.

"பதினொன்னா?"

"ஆமா சார். மத்தியானம் அந்த லைட்டுலதான் படிச்சேன். அக்கா எதையும் தொடல."

அவர் இன்னொரு தடவை புரட்டினார். ஆச்சரியப்படவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். மேடத்திடம் பேசிக்கலாம் என்றார். நானே பேசுகிறேன் என்றேன்.

மேடம் பூஜை முடித்து வந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நோட்டைத் தொடவில்லை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். என் தோளில் கை வைத்தார்.

"லைட்டு போட்டாப் பாசி வருமா? அப்ப ஊரெல்லாம் வெயிலடிக்குதே. நீ நல்ல குடும்பத்துப் பொண்ணு எழில். அவளுக்குப் பாவம் பாத்து இல்லாத பழியத் தூக்கி உன் தலைல போட்டுக்காத."

நான்தான் மேடம், நான்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். சரி, படிப்பதென்றால் சொல்லியிருக்கலாமே, ஒரு விளக்கை விட்டுவிட்டுப் போயிருப்பேனே என்றார். அவ்வளவு சுலபமாக. லூர்தக்காவைத் திரும்பக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். அனுப்பியவளைக் கூப்பிட்டால் நாளை யார் நம்மை மதிப்பார்கள் என்றார். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கை கழுவ நிறைய நேரம் எடுப்பார், நோயாளிகளுக்கு அதில் ஒரு நம்பிக்கை.

என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாத ஒன்றுக்காக ஒருவரை வாசல் வழியாக அனுப்பினார்கள். என்ன செய்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தும் எனக்கு விளக்கு எரிய விடுகிறார்கள்.

பதினொரு மணிக்குக் காபி வந்தது. பீங்கான் கப்பில்.

குடித்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

லூர்தக்கா வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. இதற்கு முன் வந்ததில்லை. இரண்டு பேரிடம் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறார். முகூர்த்தம் இருந்தால் வேலை, புரட்டாசியில் அதுவும் இல்லை. கை விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ஜெனிஃபர் விடுதியைக் காலி செய்துவிட்டுத் தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வருகிறாள். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

லூர்தக்கா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வாய் வரை வந்தது. போடுங்கள் என்றேன். அவர்கள் வீட்டு டம்ளரில் குடித்தேன். இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, எழுதுகிற அளவுக்கு இது ஒரு விஷயம் என்பதால்.

"பரிச்ச எழுதிட்டியா?" என்றார்.

"எழுதிட்டேன்க்கா. போன ஞாயித்துக்கிழம."

"அப்பச் சரி. அது முடிஞ்சாத்தான வர முடியும்."

குரலில் ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். லைட், மூடி, நோட்டு, மேடம் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாக. பாதியில் அவர் எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். 

"எனக்குத் தெரியும் எழிலு. நாலரைக்கு வந்து மேசையத் தொடைப்பேன்ல. மூடி கொதிக்கும். ஆளில்லாத நேரத்துல அணச்சு வச்ச லைட்டு எதுக்குச் சுடணும்?"

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யாருகிட்ட? நான் சொன்னா அந்தம்மா நம்பிரும்?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். அன்னைக்கு எல்லாரும் உக்காந்திருக்கையில உன் மூஞ்சியப் பாத்தேன். நீ குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்த."

ஜெனிஃபர் துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

மன்னியுங்கள் என்றேன். அந்த வார்த்தை அந்த அறையில் எங்கேயும் போய் உட்காரவில்லை. வெளியே மாதா கோயில் மணி அடித்தது. லூர்தக்கா என் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"மூடி சுடுதுன்னு தெரிஞ்ச அன்னைலருந்துதான் கூப்ட்டேன், பின்னாடி வந்து உக்காரு, வெளிச்சமா இருக்குன்னு. எத்தன தடவ கூப்ட்டேன். நீதான் வரல."

செப்டம்பர் 29, திங்கள்

கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். கண்ணாடியைத் தேய்த்தேன். தீனி ஒரு தடவை.

மதியம் பின்பக்கப் படியில் உட்கார்ந்தேன். முனீஸ்வரி ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் தள்ளி இடம் விட்டாள். எதிர்ச்சுவரில் மூன்றரை வரைக்கும் வெயில் அடிக்கிறது. சின்ன எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. வாடை இல்லை. கொசுவும் இல்லை.

நாலரைக்கு உள்ளே போய்த் தொட்டி மூடியின்மேல் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

லைட்: 7.